பருப்பு வேகாத தண்ணீர்

என் மைத்துனர் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் காரியமாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுப்பார். எழுதுவதற்கு அல்ல. தண்ணீரில் முக்கினால் கரைந்திருக்கும் உப்புக்கெல்லாம் சேர்த்து ஓர் எண் காட்டுமே, அந்த டிடிஎஸ் பேனா. சொம்புத் தண்ணீரில் முக்குவார். மோரில் முக்குவார். போன பொங்கலுக்கு ரசத்திலும் முக்கினார். எண் பெரிதாக வந்தால் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "என்ன அத்தான், வாட்டர் லேப்ல இருந்தவர் வீட்டுலயே இவ்ளோ காட்டுது?" தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பணிக்காலம் முழுவதையும் கழித்துவிட்டு வந்தவன், கடைசியில் ரசத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

அந்தப் பேனா ஒரு கல்யாண மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லும். அதில் மாப்பிள்ளை யார், செருப்புத் திருட வந்தவன் யார் என்று சொல்லாது. எந்த உப்பு, எவ்வளவு, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இதை மைத்துனருக்குப் பலமுறை விளக்கிவிட்டேன். கேட்டுக்கொண்டே பேனாவைத் துடைத்துப் பையில் செருகிக்கொள்வார்.

இதற்கு நடுவில் எங்கள் கூடத்தில் இப்போது வேலை பார்க்கும் தீபா என்ற பெண் போன் செய்தாள். "சார், பியூரெட் எல்லாத்தையும் கழிச்சுக் கட்டறோம். இனிமே எல்லாம் மெஷின்தான். பழசைப் பத்தி உருக்கமா ஏதாவது எழுதிக் குடுங்க, நாங்க எல்லாரும் படிப்போம்" என்றாள். உருக்கத்துக்கு எங்கே போவேன்? அந்தக் கண்ணாடிக் குழாய்களில் பாதி ஒழுகும். திருகினால் ஒன்று சொட்டாது, இல்லை குபுக்கென்று கொட்டும். அவை போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் எழுதச் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தது குழாய் இல்லை, லலிதா மேடம்தான்.

வேதியியல் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்ததும் பல மாதங்கள் நான் பாட்டில்தான் கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு தண்ணீரைத் தொட அனுமதி கிடைத்தது. கூடத்துக்குத் தலைவர் லலிதா மேடம். கடைநிலை ஊழியர் வரைக்கும் எல்லோரையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாதிரித் தண்ணீர் வந்தால் சீட்டைப் படிக்கமாட்டார். முதலில் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எண்ணெய் பாட்டிலா, குளிர்பானப் பாட்டிலா, திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் பாட்டிலை எடுத்துக்கொண்டு நாங்களே போய், குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்துவர வேண்டும். "திறந்ததும் வர்றது குழாய்க்குள்ள கெடந்த தண்ணி. அப்புறம் வர்றதுதான் அவங்க தண்ணி" என்பார்.

கடினத்தன்மைச் சோதனை என்றால் என் பின்னால் வந்து நின்றுகொள்வார். அளந்த தண்ணீரைக் குடுவையில் விட்டு, மூக்கை அரிக்கும் கரைசல் ஒன்றைச் சேர்த்து, நிறங்காட்டிப் பொடியை ஒரு சிட்டிகை போட்டால் தண்ணீர் திராட்சைச் சாறு போலச் சிவக்கும். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருப்பதால் வரும் சிவப்பு அது. பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்தை இறக்கிக்கொண்டே குடுவையைச் சுழற்ற வேண்டும். சிவப்பு முழுக்கப் போய் நீலம் வந்ததும் நிறுத்த வேண்டும். எவ்வளவு மருந்து செலவானதோ அவ்வளவு கடினம். நடுவில் ஊதா என்று ஒரு ஏமாற்று நிறம் வரும். அங்கேயே நான் நிறுத்திவிடுவேன். "நிறம் மாறறதுக்கு முன்னாடியே உங்க மனசு மாறிடுதே" என்பார் மேடம். இரண்டு முறை செய்ய வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் விடமாட்டார். "அப்படியே ஒண்ணா வருதே. ரெண்டாவது தடவை செஞ்சீங்களா, நெனைச்சீங்களா?"

அவரிடம் இன்னொரு சட்டம் இருந்தது. கூடத்துக்குள் 'நல்ல தண்ணி' என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னால், "யாருக்கு?" என்று கேட்பார். ரைஸ் மில்காரர் வந்து, "நல்ல தண்ணியான்னு பாத்துச் சொல்லுங்க மேடம்" என்றால், "யாருக்கு? உங்களுக்கா, நெல்லுக்கா, பாய்லருக்கா?" என்பார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்பார். பாய்லருக்கு ஆகிற தண்ணீர் வேறு, வயலுக்கு ஆகிற தண்ணீர் வேறு. ஆனால் வந்தவர் நொந்துபோவார். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு ஒரே பரீட்சைதான். பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா. பாஸானால் நல்ல தண்ணி, ஃபெயிலானால் உப்புத் தண்ணி. நான் ஒருமுறை பேச்சுவாக்கில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுக்க "யாருக்குன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்ற கேள்வியோடு நடமாடினேன். சலிப்பாக இருந்தது.

சரி, நான் சொல்ல வந்தது கலைச்செல்வி கதையை.

மேடம் ஓய்வு பெறப்போகும் சமயம். குறுவைப் பயிர் பச்சை கட்டி நின்ற மாதம். பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தார். ஒரு கையில் குளிர்பானப் பாட்டில் நிறையத் தண்ணீர், இன்னொரு கையில் டிபன் பாக்ஸ். கண் சிவந்திருந்தது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இவர் ஊரில், பழைய டிராக்டர் கொட்டகையில் கண்ணாடித் தொட்டிகள் வைத்து வண்ண இறால் வளர்க்கிறார். சாப்பிடுகிற இறால் இல்லை. மீன் தொட்டியில் அழகுக்கு விடுகிற, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இறால். நல்ல தண்ணீரில் வளர்வது. பாருங்கள், நானே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன். கடல் தண்ணீர் இல்லாத தண்ணீரில் வளர்வது.

"சார், இதுல பூச்சிமருந்து இருக்குன்னு எழுதிக் குடுங்க" என்றார்.

"பாக்காமயேவா?"

"பாக்கவே வேணாம் சார். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வயல் கொட்டகையை ஒட்டித்தான் இருக்கு. அவரு அடிக்கிற மருந்துதான் காத்துல வந்து எல்லாத்தையும் கொல்லுது. தெருவுல வச்சே கேட்டுட்டேன். வாயே தொறக்கல. நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறேன். கையில ரிப்போர்ட்டு வேணும்."

டிபன் பாக்ஸைத் திறந்தார். ஈரத் துணியின்மேல் சின்னச் சின்ன இறால்கள், இறந்தவை. நான் அதுவரை பார்த்திராத நீலம். எத்தனையோ தலைமுறையாக, நிறம் மங்கியதை எல்லாம் ஒதுக்கி ஒதுக்கி, அவரே உருவாக்கிய வகை. வேறு எங்கேயும் வாங்க முடியாது என்றார். "கொட்டகை நெறைய இருந்துச்சு சார். இப்ப ஒரே ஒரு தொட்டிதான் மிச்சம். அதுவும் போச்சுன்னா அவ்ளோதான், திரும்ப வராது."

பூச்சிமருந்து பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை, வெளியூருக்கு அனுப்ப வேண்டும். அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மேடம் ஒரு இறாலை லென்ஸ் வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"மொத்தமா செத்துச்சா, ஒண்ணொண்ணாவா?"

"ஒண்ணொண்ணாத்தான் மேடம். குட்டிங்க மொதல்ல. அப்புறம் பெருசு."

மேடம் லென்ஸை என்னிடம் நீட்டினார். இறாலின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் சுற்றிலும் வெள்ளையாக ஒரு வளையம். ஓடு அங்கே வெடித்திருக்கிறது. ஆனால் கழன்று வரவில்லை. இறால் வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓட்டோடு வெளியே வர வேண்டும். இது பாதியில் மாட்டிக்கொண்டு செத்திருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கடலோரப் பண்ணைக்காரர்கள் ஓடு இறுகாத இறாலைப் பற்றி எங்களிடம் வந்து புலம்பிக் கேட்டிருக்கிறேன். விஷம் என்றால் தொட்டியோடு போயிருக்கும். அடிக்கடி ஓடு கழற்றுகிற குட்டிகள் முதலில், நிதானமாகக் கழற்றுகிற பெரியவை பிறகு என்று முறை வைத்துச் சாகாது.

"ஓடு கட்டறதுக்கான சத்து தண்ணியில இருக்கான்னு பாக்கணும். போய்ப் புடிச்சிட்டு வாங்க" என்றார் மேடம். குளிர்பானப் பாட்டிலைத் தொடக்கூட இல்லை.

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். கொட்டகையில் வரிசையாகக் காலித் தொட்டிகள். ஒன்றில் மட்டும் பாசிக்கு நடுவே நீலம் அசைந்தது. ஓரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு ஆர்.ஓ. இயந்திரம், சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு. கணவர் வாங்கி மாட்டிக் கொடுத்தது. "புள்ளைங்க குடிக்கிற தண்ணியவே அதுங்களுக்கும் குடு, சுத்தமா இருக்கும்னு சொன்னாரு சார். இதோ பாருங்க" என்று கலைச்செல்வி ஒரு பேனாவை எடுத்து முக்கிக் காட்டினார். எண் மிகச் சிறியதாக வந்தது. முகத்தில் அந்தக் கவலையிலும் ஒரு பெருமை.

"இதுக்கு முன்னாடி எந்தத் தண்ணி?"

"அவரு அண்ணன் போர்செட்டுத் தண்ணி. ஓஸ் போட்டு விட்டிருந்தாரு. உப்புத் தண்ணி சார். அதுல பருப்பே வேகாது. நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து வாயில வச்சதில்ல."

"அப்ப இறால் செத்துச்சா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்ல. ஆனா அப்ப மருந்து அடிக்கல போலருக்கு."

எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் சோதிக்காமல் பேசக்கூடாது என்பது மேடம் என் மண்டையில் ஆணியடித்து வைத்த பாடம். ஆர்.ஓ. தண்ணீர் ஒரு பாட்டில், தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில் பிடித்தேன். போர்செட்டிலும் பிடிக்க வேண்டும் என்றதும் கலைச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானே வரப்பில் நடந்தேன். மோட்டார் கொட்டகையில் கணவரின் அண்ணன் ராஜேந்திரன் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார், மோட்டாரைப் போட்டார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும்போது ஒன்றைக் கவனித்தேன். அவருடைய வயல் முழுக்கப் பச்சை. இறால் கொட்டகையின் சுவரை ஒட்டி மட்டும் ஒரு பட்டை அகலத்துக்குப் பயிர் தீய்ந்து, வைக்கோலாக நின்றது. "ஏம்மா, இது மட்டும் இப்படி?" என்று கேட்டேன்.

"வேணும்னே விட்டிருப்பாரு சார். என் கண்ணுல படட்டும்னுதான்" என்றார் கலைச்செல்வி.

மறுநாள் சோதனை. போர்செட்டுத் தண்ணீர் ஆழ்ந்த சிவப்பாகியது. சொட்டு இறங்கிக்கொண்டே இருந்தது. பியூரெட் பாதிக்கும் கீழே போன பிறகுதான் நீலம் வந்தது. அடுத்து ஆர்.ஓ. தண்ணீர். பொடி போட்டதும் லேசாக ஒரு சிவப்பு, அதுவும் சந்தேகமாக. ஒரு சொட்டு விட்டேன். நீலம். மேடம் பின்னால் நின்றார். "மறுபடி" என்றார். மறுபடியும் ஒரே சொட்டு. தொட்டித் தண்ணீரும் கிட்டத்தட்ட அப்படித்தான். அந்தத் தண்ணீரில் ஓடு கட்டுவதற்கு எதுவுமே இல்லை. எல்லாவற்றையும் வடிகட்டி எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்த அந்த இயந்திரம் வெளியே கொட்டிவிட்டது.

முடிவு கேட்க வந்த கலைச்செல்வி உட்காரக்கூட இல்லை. நான் சொல்லச் சொல்ல முகம் இறுகியது.

"தண்ணி சுத்தமா இருக்கறதுனால சாகுதா? யாராவது கேட்டா சிரிப்பாங்க சார்."

"சிரிக்கட்டும்மா. அதுல கால்சியம் இல்ல, மெக்னீசியம் இல்ல. பழைய ஓட்டைக் கழட்டவும் தெம்பில்ல, புது ஓடு கட்டவும் வழியில்ல."

"அவரு ஓவர்டைம் பாத்து வாங்கிக் குடுத்தது சார் அது." குரல் தணிந்தது. "அதாலதான் எல்லாம் செத்துச்சுன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்வேன்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கணவரின் மூத்தவர் மருந்தடித்துக் கொன்றார் என்றால் கலைச்செல்வியால் தாங்கிக்கொள்ள முடியும். கணவர் ஆசையாக வாங்கிக் கொடுத்தது கொன்றது என்றால் தாங்க முடியாது. அதற்காக ஒரு மனிதரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுக்கத் துணிந்துவிட்டார். எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எரிச்சல்தான் அதிகம்.

"மெஷினைத் தூக்கிப் போட வேணாம். இந்தத் தண்ணியையும் போர்செட்டுத் தண்ணியையும் பாதிப் பாதி கலந்து, ஏர் டியூப் வழியா சொட்டுச் சொட்டா தொட்டியில விடுங்க. அவசரப்படக் கூடாது. ஒரேயடியா ஊத்தினா, தயாராகாத இறால்கூட ஓட்டைக் கழட்டிடும். அதுலயே செத்துடும்" என்றேன்.

"போர்செட்டு அவரோடது."

"ஆமா."

"செத்தாலும் குடுக்கமாட்டாரு. வேணும்னா ஒரு டப்பா வெத்தலைச் சுண்ணாம்பு வாங்கித் தொட்டியில கரைச்சிடட்டுமா சார்? சுண்ணாம்புலயும் கால்சியம்தானே?"

நான் கத்திவிட்டேன். கூடத்தில் யாரும் கத்தக்கூடாது. ஆனால் சுண்ணாம்பைக் கரைத்தால் தண்ணீரின் காரத்தன்மை எகிறி, மிச்சமிருக்கிற ஒரு தொட்டியும் அன்று மாலைக்குள் காலி. மூத்தவரிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்பதற்குப் பதில் அந்த வகையையே கொன்றுவிடத் தயாராக இருக்கிற பிடிவாதத்தை என்னவென்று சொல்வது?

கத்திய வேகத்தில் இன்னொன்றையும் சொன்னேன். நானும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன்தான். "அந்தத் தீய்ஞ்ச பயிரு இருக்கே, உங்க சுவத்தை ஒட்டி. அது புகையான் அடிச்சது. தூர்ல உக்காந்து சாறை உறிஞ்சிடும் அந்தப் பூச்சி. மருந்து அடிச்ச எடமெல்லாம் தப்பிச்சு நிக்குது. உங்க கொட்டகையை ஒட்டி மட்டும் அடிக்காம விட்டிருக்காரு. நீங்க தெருவுல கத்தின பிறகு விட்டாரா, முன்னாடியே விட்டாரா, எனக்குத் தெரியாது. எதுக்கு விட்டாருன்னு நீங்களே யோசிங்க."

கலைச்செல்வி கையிலிருந்த பையை மேசைமேல் வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கலைச்செல்வி அழுதுகொண்டே குடித்தார். ஸ்டேஷனைப் பற்றி அதன் பிறகு பேச்செடுக்கவில்லை.

அடுத்து நடந்ததைப் பிற்பாடு அவரேதான் சொன்னார். அன்று ஊருக்குப் போனதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மோட்டார் கொட்டகைக்குப் போயிருக்கிறார். "மாமா, தண்ணி வேணும்" என்று மட்டும்தான் வாயில் வந்திருக்கிறது. மன்னிப்பு கேட்பதற்குப் பஸ்ஸில் தயார் செய்துகொண்டு போன வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. ராஜேந்திரன் வரப்பைக் கை காட்டியிருக்கிறார்.

"ஓஸ் அங்கதானம்மா கெடக்கு. நான் எடுக்கவே இல்லியே."

ஆர்.ஓ. வந்த நாளிலிருந்து அந்த ரப்பர் குழாய் புல்லுக்கடியில் அப்படியே கிடந்திருக்கிறது. ஒரு முனை அவருடைய மோட்டாரில், இன்னொரு முனை இவருடைய கொட்டகை வாசலில். எனக்கு இதைக் கேட்டு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த மனிதர் வாயைத் திறந்து, "நான் அந்தப் பக்கம் மருந்து அடிக்கலம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? தெருவில் நிற்க வைத்துக் கலைச்செல்வி கேட்டிருக்கிறார், இவர் சும்மா நின்றிருக்கிறார். சொந்தப் பயிரைப் பூச்சிக்குக் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இந்த வீட்டில் ஒருவருக்கொருவர் எல்லாம் செய்வார்கள், பேச மட்டும் மாட்டார்கள். சிங்கப்பூர்க்காரரும் அப்படித்தான். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணன் தண்ணி குடுத்தானா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. கலந்த தண்ணீர் சொட்ட ஆரம்பித்த பிறகும் சில இறால்கள் வளையத்தோடு மிதந்தன. ஒவ்வொன்றுக்கும் எனக்குப் போன் வரும். "சார், இன்னொண்ணு." "பொறுங்கம்மா." "சார், இன்னும் ஒண்ணு." "பொறுங்கம்மா, டியூபை மட்டும் வேகமாத் திருகிடாதீங்க." பிறகு போன் நின்றது. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

ஒரு நாள் அதே டிபன் பாக்ஸோடு நேரில் வந்தார். மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே ஈரத் துணிமேல் இறால் இல்லை, ஓடு. வெறும் ஓடு. மீசையிலிருந்து வால் வரைக்கும் முழுசாக, கண்ணாடி போல. உள்ளே இருந்தது சேதமில்லாமல் கழன்று வெளியே போய்விட்டது. "இது போல நெறைய கெடக்கு சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். வயிற்றில் முட்டையோடும் ஒன்று திரிகிறதாம். மேடம் அந்த ஓட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

இதையெல்லாம் என் மைத்துனருக்கு ஒருநாள் ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். கண் கலங்கக் கேட்டார். கடைசியில், "அப்ப அந்தத் தொட்டியில டிடிஎஸ் எவ்ளோ அத்தான்?" என்றார்.

மேடம் ஓய்வு பெறுகிற வாரத்தில் ராஜேந்திரன் எங்கள் கூடத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, சட்டை. கையில் நல்லெண்ணெய் பாட்டில், அதில் தண்ணீர். பாட்டிலைப் பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது. மேடம் திருப்பித்தான் அனுப்புவார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார்.

"என் போர்செட்டுத் தண்ணிங்க. ஊரே உப்புத் தண்ணின்னு சொல்லுது, பருப்பு வேகாதுன்னு சொல்லுது. நெசந்தான், வேகாது. ஆனா நீங்க டெஸ்ட் பண்ணி நல்ல தண்ணின்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுக்கணும்." அந்த மனிதர் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

"யாருக்கு?" என்றார் மேடம்.

ராஜேந்திரன் கேள்வியைப் புரிந்துகொள்ளாமல் என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். கொஞ்ச நேரம் பாட்டிலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "எங்க கலைக்குங்க" என்றார்.

"அப்படியெல்லாம் எழுதறதுக்கு ஃபாரத்துல எடமில்லீங்க" என்றார் மேடம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். "ஆனா நல்ல தண்ணிதாங்க."

அவர் பெரிதாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அது போதும் என்பது போலக் கிளம்பிப் போனார். எனக்கு வந்ததே ஆத்திரம். அந்த ஒரு வார்த்தைக்காக நான் சேர்ந்த நாளிலிருந்து என்னை வறுத்தெடுத்தவர் இவர். அதுவும் சோதித்துப் பார்க்காமல், எண்ணெய் பாட்டிலில் வந்த தண்ணீரை.

"மேடம், அந்த வார்த்தை..." என்று ஆரம்பித்தேன்.

"பாட்டிலைக் கழுவி வைங்க" என்றார்.